மூஞ்சி என்னோடது, படம் யாரோடது?

"அண்ணே, போர்டுல வந்துட்டீங்க! ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

மருந்துக்கடைக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டபோது, கண்ணாடிக்காரர் தன் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

எதிர்க்கடை வாசலுக்கு மேலே, நேற்று வரை வெறும் சுவராக இருந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு முகம் தொங்கிக்கொண்டிருந்தது.

நெற்றி முழுக்கச் சுருக்கம். ஒரு கண் மூடியும் மூடாமலும் இருந்தது, இன்னொன்று வெளியே வந்து விழுந்துவிடுவேன் என்றது. வாய் லேசாகப் பிளந்திருந்தது. கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்த படம் என்பதால் மூக்குத் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கார் நிறுத்தலாம் போலிருந்தது. முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: "இந்த நிலைமை உங்களுக்கு எதுக்கு? உள்ளே வாங்க!"

எதிர்க்கடையும் மூக்குக்கண்ணாடிக் கடைதான். அதுதான் கொடுமை.

"அது நான் இல்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க இல்லாம? காதோரத்து மச்சம்கூட அப்படியே இருக்கே!"

"சரி, நான்தான். தும்மல் வர்ற நேரத்துல எவனோ எடுத்திருக்கான்."

"தும்மலா? இருங்க, மாத்திரை தர்றேன்."

"அந்தத் தும்மல் எப்பவோ போயாச்சுய்யா!"

அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணாடிக்காரர் என்றால் அவர்தான். ஐம்பதைத் தாண்டியும் கண்ணாடி போடாத கண்ணாடிக்காரர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடைக்கு வருகிறவர்களிடம், "தெருக்கோடியில வர்ற பஸ்ஸோட நம்பரைச் சொல்லட்டுமா?" என்று சவால் விடுவார். சரியாகச் சொல்லியும் விடுவார். அப்படிப்பட்டவருடைய முகத்தைக் 'கண் தெரியாதவர்' என்று எதிர்வாசலில் மாட்டினால் எப்படி இருக்கும்?

ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார்.

எதிர்க்கடைக்காரர் சின்ன வயசுக்காரர். கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உள்ளே குளிர்சாதனம், மெத்தை நாற்காலி, பட்டனை அமுக்கினால் காபி கொட்டுகிற மெஷின்.

"வாங்க சார், வாங்க! காபியா, டீயா?"

"என் மூஞ்சியை எடுத்து வாசல்ல மாட்டி வச்சிருக்கீங்க."

எதிர்க்கடைக்காரர் வெளியே ஓடிப்போய் போர்டை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து இவரைப் பார்த்தார். மறுபடியும் வெளியே ஓடினார்.

"அட! நீங்களா சார் அது? எனக்குத் தெரியவே தெரியாது. டிசைன் பண்றவங்க நெட்டுல தேடி எடுத்தாங்க."

"என்னன்னு தேடினாங்க?"

எதிர்க்கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "'பாவமான முகம்'னு."

"இறக்குங்க, உடனே!"

"இறக்கிடலாம் சார், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க சொல்லி நான் எப்படி இறக்கறது? அது நீங்க எடுத்த படமா?"

"நான் எப்படிய்யா எடுப்பேன்? நான்தான் படத்துக்குள்ள இருக்கேனே!"

"அதைத்தான் சொல்றேன். மூஞ்சி உங்களோடது. படம் அதை எடுத்தவரோடது. எடுத்தவர் வந்து 'என்னைக் கேக்காம ஏன் போட்டே?'ன்னு ஒரு வார்த்தை கேட்டார்னா, அடுத்த நிமிஷம் ஏணி போட்டு நானே இறக்கிடறேன். நான் நியாயமான ஆளு சார். காபி?"

நியாயமான ஆள் கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்தது ஒன்றுதான் அன்று காலை கண்ணாடிக்காரருக்குக் கிடைத்த வெற்றி.

தன் கடைக்குத் திரும்பினபோது அங்கே வக்கீலம்மா காத்துக்கொண்டிருந்தார். லென்ஸ் மாற்றக் கொடுத்திருந்த கண்ணாடியை வாங்க வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து, வாசலில் நின்று, போர்டை ஒரு பார்வை பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவர் சொல்றது பாதி சரி. படத்தோட உரிமை பொதுவா எடுத்தவருக்குத்தான். ஆனா உங்களைக் கேக்காம உங்க மூஞ்சியை விளம்பரத்துக்குப் போட்டது தப்பு. அதுக்கு நீங்க கேஸ் போடலாம்."

"போடுங்க. இன்னைக்கே போடுங்க!"

"போட்டா அந்தப் படத்தைக் கோர்ட்டுல காட்டணும். பத்திரிகைக்காரங்க வருவாங்க. படத்துல இருக்கறவர் என்ன தொழில் பண்றார்னு கேப்பாங்க."

கண்ணாடிக்காரர் அந்தச் செய்தியின் தலைப்பை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். "வேண்டாம்."

"அப்ப எடுத்தவரைக் கண்டுபிடிங்க. அதுதான் சுருக்கு வழி."

*

வீட்டில் மனைவி, கணக்கு டீச்சர், பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கணவர் சொல்வதைத் தலை நிமிராமல் கேட்டவர், 'போர்டு' என்ற சொல் வந்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"கீழேயிருந்து எடுத்த மாதிரி, மூக்கு பெருசா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம கல்யாண நாளுக்கு ஹோட்டல்ல சாப்பிடப் போனோமே, அன்னைக்கு எடுத்தது. நான்தான் நெட்டுல போட்டேன்."

"நீயா!"

"'எங்க வீட்டுக் கண்ணாடிக்காரர், கண்ணாடி போடாதபோது'ன்னு எழுதிப் போட்டேன். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கூட சிரிச்சு ஒரு பொம்மை போட்டிருந்தாங்க."

"ஊரு பூரா பாக்கற மாதிரியா போடுவே?"

"யாரெல்லாம் பாக்கலாம்னு அது கேட்டுச்சு. 'எல்லாரும்'னு ஏற்கெனவே டிக் அடிச்சிருந்துச்சு. சரி, பாத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப நீதான் எடுத்தே. நல்லதாப் போச்சு. நாளைக்கு வந்து அவன்கிட்டச் சொல்லு."

"நான் எடுக்கலையே! இங்க பாருங்க." ஃபோனை நீட்டினார். "ஓரத்துல தெரியறது என் தோளு. உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் எப்படி எதிர்லேர்ந்து எடுப்பேன்? குடும்ப குரூப்புல தம்பி பொண்டாட்டி ஃபோன்லேர்ந்து வந்துச்சு. ஆனா அவ எங்க படம் எடுக்கறா? அவ ஃபோனை அன்னைக்குப் பூரா என் தம்பிதானே கையில வச்சிருந்தான்."

அன்று மேஜையில் இருந்தது நாலே பேர். கண்ணாடிக்காரர், மனைவி, மனைவியின் தம்பி, அவருடைய மனைவி. கணக்கு டீச்சர் வீட்டில் இந்தக் கழித்தலுக்கு விடை வர எவ்வளவு நேரம் ஆகும்?

"மச்சினன்தான்!" என்றார் கண்ணாடிக்காரர். "முதல்ல நீ போட்டதை அழி."

மனைவி அழித்தார். அவர் கண் முன்னாலேயே.

மறுநாள் இதைக் கேட்டு வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அழிச்சுட்டீங்களா? அதுதானே ஆதாரம்! யார் முதல்ல போட்டாங்கன்னு அதுலதானே தேதியோட இருந்துச்சு? இப்ப நெட்டுல தேடினா அந்தப் படம் இருக்கற ஒரே இடம் எதிர்க்கடைக்காரரோட பக்கம்தான். உங்க மூஞ்சிக்கு இப்ப அவர்தான் சொந்தக்காரர் மாதிரி இருக்கார்!"

*

மச்சினருக்குக் காப்பீட்டு ஆபீஸில் வேலை. இடித்துக்கொண்டு வந்து நிற்கிற கார்களைப் படம் எடுத்து, சேதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம் சூரியன் மறைவது, மழைத்துளி, மூடின கதவு என்று படம் எடுத்து நெட்டில் போடுவார். ஒரு கதவுக்காவது யாராவது 'நல்லாருக்கு' என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பார். யாரும் சொன்னதில்லை.

கண்ணாடிக்காரர் ஃபோன் செய்தபோது மச்சினரின் மனைவி எடுத்தார். எப்போதும் அடுத்த அறையில் இருக்கிறவருக்குக்கூடக் கேட்காத குரல் அவருக்கு.

"அண்ணா, அக்கா எல்லாம் சொன்னாங்க. அந்தப் படம் வந்து..."

"தங்கச்சி, நீ கவலைப்படாதே. மாப்ளகிட்ட ஃபோனைக் குடும்மா."

மச்சினர் வந்தார். "மாமா, அந்தப் படமா? பெரிய போர்டாவா போட்டிருக்காங்க?"

"ஆள் உயரத்துக்கு."

மச்சினர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு மெல்ல, "பார்க்க எப்படி இருக்கு மாமா?" என்றார்.

"எப்படி இருக்குமா? இடிபட்ட கார் மாதிரி இருக்கு! நீ எடுத்ததுதானே?"

"அன்னைக்கு நிறைய எடுத்தேன்... என்னோடதுதான். நானேதான் எடுத்திருக்கணும். அந்த மாதிரி ஒரு கணத்தைப் புடிக்க வேற யாரால முடியும்?"

"புடிச்ச வரைக்கும் போதும். நாளைக்கு வந்து அவனை இறக்கச் சொல்லு."

மச்சினர் மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிர்க்கடைக்குள் போனார். கண்ணாடிக்காரர் தன் கடை வாசலில் நின்று ஏணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி வரவில்லை. நெடுநேரம் கழித்து மச்சினர்தான் வந்தார். காபி வாசனையோடு.

"சொல்லிட்டியா?"

"சொல்லத்தான் மாமா போனேன். ஆனா அவர் சாதாரண ஆளு இல்ல, ரசிகர்! 'இந்த நெத்திச் சுருக்கத்துல வெளிச்சம் விழுந்திருக்கற அழகைப் பாருங்க'ன்னாரு. என்னை உக்கார வச்சு, 'எப்படி சார் எடுத்தீங்க?'ன்னு கேட்டாரு. இத்தனை வருஷத்துல என்னை யாருமே அப்படிக் கேட்டதில்ல மாமா."

"சரி, போர்டு?"

"போர்டுல என் பேரைப் போடறேன்னு சொல்லியிருக்காரு."

மறுநாள் காலை போர்டின் அடியில் 'ஒளிப்படம்' என்று போட்டு மச்சினரின் முழுப் பெயரும் இருந்தது. கூடவே படத்துக்கு நேராக ஒரு விளக்கையும் மாட்டியிருந்தார்கள். கலைப்படைப்பு அல்லவா, இருட்டினாலும் தெரிய வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு வந்தார். "அண்ணே, நம்ம மச்சினர் எடுத்ததா? குடும்பமா சேர்ந்துதான் எதிர்க்கடைக்கு உதவி பண்றீங்க போல!"

*

அதற்குள் தெருவில் பேச்சு பரவிவிட்டது. பல வருஷமாக வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பார்கள், இவரைப் பார்ப்பார்கள், 'அப்புறம் வர்றேன்' என்பார்கள். அப்புறம் தெருவைக் கடந்து போவார்கள். கடை முழுக்க முகம் பார்க்கிற ஆள் உயரக் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த முகம்தான் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மத்தியானம் யாருமில்லாத நேரத்தில் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே முகத்தைச் சுருக்கிப் பார்த்தார். வரவில்லை. தும்முவது மாதிரி நடித்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. இப்படி ஒரு முகம் தனக்கு எங்கேயிருந்துதான் வந்தது?

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஓடி ஒளிந்தால்தானே கேலி? நாமே ஒரு போர்டு வைத்தால்?

நேரே போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார். கடையிலிருந்து ஒரு நல்ல ஃபிரேமை, லென்ஸ் இல்லாமல், மாட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். "எதுக்கு சார்?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டதற்கு, "சும்மா, வீட்டு ஹால்ல மாட்டத்தான்," என்றார். இரண்டு நாளில் அவருடைய கடை வாசலிலும் ஆள் உயரத்துக்கு ஒரு முகம் வந்தது. புன்சிரிப்பு, தீர்க்கமான பார்வை, மூக்கில் புதுக் கண்ணாடி. கீழே: "அவரேதான் இவர்! இப்போது பார்வை பளிச்!"

முதல் பலன் அன்று சாயங்காலமே தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உள்ளே வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்! அந்த மூஞ்சியா இப்படி மாறிடுச்சு! நம்பவே முடியல!"

"எல்லாம் கண்ணாடியோட மகிமை சார். உக்காருங்க, உங்களுக்கும் பாக்கலாம்."

"இல்ல இல்ல, உங்களைப் பாராட்டிட்டுப் போகத்தான் வந்தேன். எதிர்க்கடைல போட்ட கண்ணாடிதானே இது? அதான் அங்க 'முன்னாடி'ன்னு ஒரு படம், இங்க 'பின்னாடி'ன்னு ஒரு படம். ஒரே தொழில்ல இருந்துக்கிட்டு எதிர்க்கடையை இவ்வளவு பெருந்தன்மையா பாராட்ட உங்களாலதான் முடியும். இதோ, நானும் அங்கதான் போறேன்."

இரண்டு போர்டும் எதிரும் புதிருமாக நின்று ஒரே விளம்பரமாகிவிட்டிருந்தன. கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் அது உறைத்தது. எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து கண் கலங்க நன்றி சொன்னார்.

அடுத்து வந்தவர் ஸ்டூடியோக்காரர். அவர் நன்றி சொல்ல வரவில்லை.

"வீட்டு ஹால்ல மாட்டத்தானே சொன்னீங்க? இதுதான் உங்க வீட்டு ஹாலா?"

"என் மூஞ்சிய்யா இது! என் மூஞ்சியை நான் எங்க வேணா மாட்டுவேன்!"

"மூஞ்சி உங்களோடது, படம் என்னோடது. ஒரு வாரமா தெரு பூரா நீங்கதானே சொல்லிக்கிட்டுத் திரியறீங்க, எடுத்தவனைக் கேக்காம மாட்டக் கூடாதுன்னு?"

கண்ணாடிக்காரர் ஏணி போட்டுத் தன் போர்டைத் தானே இறக்கினார். எதிர்ப்பக்கத்துப் போர்டு, விளக்கு வெளிச்சத்தில், அவர் இறங்குவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

*

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் மேலதான் தப்பு," என்றார். "ஆனா கேலி பண்ணணும்னு போடல. அன்னைக்கு எல்லாப் படத்துலயும் நீங்க விறைப்பா, பாஸ்போர்ட்டுக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருந்தீங்க. அந்த ஒண்ணுலதான் எதையோ மும்முரமாப் பாத்துக்கிட்டு, சுத்தி யார் இருக்காங்கன்னே மறந்து... எனக்கு அந்த மூஞ்சி புடிச்சிருந்துச்சு. அதான் போட்டேன்."

"தும்மல் வந்துச்சு, அவ்வளவுதான்," என்றார் அவர். ஆனால் அதற்குப் பிறகு சாப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தம்பியையும் அவளையும் சாப்பிடக் கூப்பிடறேன். நேரா உக்காந்து பேசி முடிச்சுடுவோம்."

வக்கீலம்மாவும் அதைத்தான் சொன்னார். "படம் எடுத்தவர் அவர்தான்னு நீங்க ஒரு தாள்ல ஒத்துக்கோங்க. 'என்னைக் கேக்காமப் போட்டாங்க, இறக்கணும்'னு அவர் எதிர்க்கடைக்குச் சொல்லட்டும். அதோட விஷயம் முடிஞ்சுது. ஆனா தாளை என்கிட்டக் காட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினர் தம்பதி வந்தார்கள். மச்சினர் வேலையை மிச்சப்படுத்தியிருந்தார். ஆபீஸிலேயே அந்தத் தாளைத் தட்டெழுத்தில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். காப்பீட்டு ஆபீஸ் தாள் எப்படி இருக்கும்? மேலே நாலு வரி எறும்பு ஊர்கிற மாதிரி, கீழே நாற்பது வரி எறும்புக்குஞ்சு ஊர்கிற மாதிரி.

"நிதானமாப் படிச்சுப் பாருங்க மாமா."

கண்ணாடிக்காரர் தாளைக் கை நீளத்துக்குப் பிடித்தார். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம். கிட்டே கொண்டுவந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அண்ணா," என்றார் மச்சினரின் மனைவி, சமையலறை வாசலிலிருந்து. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு..."

"தங்கச்சி, நீ சாப்பாட்டை எடுத்து வைம்மா, ஒரு நிமிஷத்துல வந்துடறேன். மாப்ள, குடும்பத்துக்குள்ள என்ன படிக்கறது? எங்க போடணும்?"

"இங்க மாமா. இங்கயும். பின்பக்கமும் ஒண்ணு."

மூன்று கையெழுத்தும் விழுந்ததும் மச்சினர் அப்போதே எதிர்க்கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டி வைத்தார்.

"சார், படத்தை எடுத்தவன் பேசறேன். தயவுசெஞ்சு போர்டை இறக்கிடுங்க."

"எடுத்தவர் சொன்னா மறுபேச்சு உண்டா சார்? ஞாயித்துக்கிழமைன்னும் பாக்கல, இதோ ஆளை வரச் சொல்றேன்." நியாயமான ஆள்தான் அவர். சாப்பிட்டு முடிப்பதற்குள் வெறும் சுவரைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

கண்ணாடிக்காரர் அந்த வெறும் சுவரை ஆசை தீரப் பார்த்தார். அவருக்குத் தெரிந்து உலகத்திலேயே அழகான சுவர். மச்சினரின் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"உன்னை என்னவோன்னு நெனச்சேன் மாப்ள. இவ்வளவு சுலபமா விட்டுக்குடுப்பேன்னு எதிர்பாக்கல. போர்டுல பேரெல்லாம் வந்துச்சே உனக்கு!"

"போர்டுல என்ன மாமா இருக்கு? ஒரு தெருதானே?" மச்சினர் வெட்கத்தோடு சிரித்தார். "போர்டைப் பாத்த அன்னைக்கே படத்தைப் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். பெரிய ஒளிப்படப் போட்டி. வேற எங்கயும் விளம்பரத்துல இருக்கக் கூடாதுன்னு விதி. அதான் இறக்கச் சொன்னேன். கடைசிச் சுற்றுக்கு வந்தாச்சு மாமா!"

கண்ணாடிக்காரரின் கை தோளிலேயே நின்றது. "எது வந்தாச்சு?"

"உங்க மூஞ்சி. 'தும்மலுக்கு முன்'னு தலைப்பு வச்சிருக்கேன். பத்து நாட்டுல கண்காட்சி வைக்கப் போறாங்க. ஒவ்வொரு படமும் ஒரு சுவர் அகலத்துக்கு!"

மனைவி அந்தத் தாளை எடுத்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற கண் அது, எறும்புக்குஞ்சுகள் தப்ப முடியாது. சத்தமாகப் படித்தார்.

"'...மேற்படி படத்தின் மீது எனக்கு எக்காலத்திலும், எந்நாட்டிலும் எவ்வித உரிமையும் கிடையாது. இதை எடுத்தவர் என் மைத்துனரே என்பதற்கு நானே நேரில் கண்ட சாட்சி.' கீழே உங்க கையெழுத்து. பின்பக்கம் இன்னொண்ணு."

"நேரில் கண்ட சாட்சியா!" கண்ணாடிக்காரர் நாற்காலியில் சரிந்தார். "மாப்ள, அது பத்து நாட்டுக்குப் போற மூஞ்சியா? கிழிச்சுடுடா!"

"எப்படி மாமா கிழிக்கறது? சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடியே ஃபோன்ல நகல் எடுத்து அனுப்பியாச்சு. இன்னும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் அனுப்பணும்." மச்சினர் முகத்தில் முதல் முறையாகக் குழப்பம் தெரிந்தது. "'இந்தக் கோணத்தில் எப்படி எடுத்தீர்கள்?'னு நடுவர்கள் கேட்டிருக்காங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. கேமரா உங்க தாடைக்குக் கீழ ஒரு ஜாண் தூரத்துல இருந்திருக்கணும். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். மேஜைமேல படுத்தா எடுத்தேன்?"

"நீ படுக்கல," என்றார் மனைவி. "படுத்திருந்தா நான் திட்டியிருப்பேனே, ஞாபகம் இருக்கும்."

"பரிமாற வந்தவர் எடுத்திருப்பாரோ?" என்றார் கண்ணாடிக்காரர் நம்பிக்கையோடு.

"அவர் எப்படி உங்க மடியில உக்காந்து எடுப்பாரு?" என்றார் மச்சினர்.

மூன்று பேரும் யோசித்தார்கள். யோசித்துக்கொண்டே, கழித்தலில் மிச்சம் நின்ற ஒரே ஆள் பக்கம் திரும்பினார்கள். மச்சினரின் மனைவி தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தார். பேச இடம் கிடைத்துவிட்டதை நம்ப முடியாமல் ஒரு தரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டார். பிறகு வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்:

"மெனு கார்டுல எழுத்து தெரியலன்னு என் ஃபோனை வாங்கி, கேமராவுல பெருசாக்கிப் படிக்கப் பாத்தீங்களே அண்ணா, கேமரா உங்க பக்கம் திரும்பி இருக்கறது தெரியாம பட்டனையும் அமுக்கிட்டு, 'இதுலயும் ஒண்ணும் தெரியல'ன்னு திருப்பிக் குடுத்தீங்களே, அந்தப் படம்தான் இது!"